வாட்ஸ்அப் குரூப்புல வெறுப்புப் பேச்சு: வக்கீல்கிட்ட கேளுங்க

ஹைகோர்ட் மதுரை பெஞ்சுல கிரிமினல் சைடு பிராக்டிஸ் பண்றேன். சாதி மதச் சண்டை போஸ்ட் பத்தி கேளுங்கன்னு சொன்னதுக்கு கேள்வி குவிஞ்சிருச்சு, முடிஞ்சதுக்கு பதில் சொல்றேன். பேர் போடல, ஊர் மட்டும்.

செல்லூர்: அண்ணே, சும்மா திட்டுறது எது, வெறுப்புப் பேச்சு எது? எங்க குரூப்புல கெட்ட வார்த்தை இல்லாம பொழுது போகாது.

கெட்ட வார்த்தைய வச்சு அளக்காதீங்க தம்பி. "வசூல் பணத்த தின்னுட்டடா முட்டாப்பயலே"ன்னா அது திட்டு, மிஞ்சிப்போனா அவதூறு. அதே ஆளு ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லாம, "சொந்தங்களே, அந்தத் தெருக்காரய்ங்க கடையில யாரும் டீ குடிக்காதீங்க, வீடு வாடகைக்கு விடாதீங்க"ன்னு பவ்யமா வாய்ஸ் நோட் போட்டாம்னா அதுதான் வெறுப்புப் பேச்சு. ஒருத்தன் செஞ்சதப் பத்திப் பேசுறானா, இல்ல பிறந்த சாதிய, மதத்தக் காட்டி ஒரு கூட்டத்தையே ஒதுக்கு, அடிங்கிறானா, அதப் பாருங்க. மத்திய சட்டத்துல தனியா வரையறை கிடையாது, 2017ல சட்ட ஆணையம் 267வது அறிக்கையில புதுப் பிரிவு சேர்க்கச் சொல்லுச்சு, ஐபிசிக்குப் பதிலா பிஎன்எஸ்னு புதுக் குற்றவியல் சட்டம் வந்தப்பவும் சேர்க்கல. 2020ல அமிஷ் தேவ்கன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், யாரு பேசுனா, என்ன பேசுனா, எந்த நேரத்துல, என்ன விளைவு வரும்னு எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கணும்னு சொல்லிருக்கு. நம்ம பக்கம் அந்த "எந்த நேரத்துல" ரொம்ப முக்கியம். பரமக்குடியில இமானுவேல் சேகரன் நினைவு நாள் செப்டம்பர் 11, பசும்பொன்னுல தேவர் குருபூஜை அக்டோபர் 30 நெருங்குறப்ப போடுற ஒரு மீம்ஸும், சாதாரண நாள்ல போடுறதும் ஒண்ணு இல்ல.

உசிலம்பட்டி: திருவிழா குரூப்புக்கு நான் அட்மின். எவனோ போட்டதுக்கு என்னையத் தூக்கிருவாய்ங்களா?

நம்ம பெஞ்சே 2021 டிசம்பர்ல சொல்லிருச்சு, வெறும் அட்மினா மட்டும் இருந்தா அடுத்தவன் பதிவுக்கு அவர் பொறுப்பில்லைன்னு. அந்தக் கேஸே கரூர் வக்கீல்கள் குரூப்புல வந்ததுதான், நாங்க மட்டும் என்ன ஒழுங்கா! ஆனா கீழ நீங்க நெருப்பு எமோஜி போட்டு ஏத்திவிட்டா கதை வேற. அட்மின் எல்லாருக்குமா சேர்த்து அழிக்கலாம்ல, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு அழிங்க, அந்தாளையும் எடுத்து விடுங்க.

மேலூர் பக்கம்: சார், நாங்க எஸ்.சி. எம்பையன் காலேஜ் குரூப்புல சாதி பேரச் சொல்லி அசிங்கமா போட்டிருக்காய்ங்க. குரூப்ப விட்டு வந்துரவான்னு கேக்குறான்.

அக்கா, இப்ப வெளிய வர வேணாம், எதையும் அழிக்கவும் வேணாம். போட்டவன் பேரத் தொட்டா நம்பர் வரும், அந்த நம்பர், தேதி, நேரம், மேல கீழ உள்ள மெசேஜ் எல்லாம் தெரியுற மாதிரி எடுக்கச் சொல்லுங்க. ஃபோன மாத்தாதீங்க, கோர்ட்டுக்குப் போறப்ப புது சாட்சியச் சட்டம் பிஎஸ்ஏ 63வது பிரிவுப்படி சான்றிதழ் வேணும். இதுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இருக்கு, பொதுவா முன்ஜாமீன் கிடைக்காது. "பொதுப் பார்வையில" நடந்துச்சாங்கிறதத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல பிடிப்பாரு, அதனால பாத்த மத்த பசங்க ரெண்டு மூணு பேர் சாட்சி சொல்ல வந்தா கேஸ் கெட்டி. இன்டர்நெட்டுல போட்டதும் பொதுப் பார்வைதான்னு கேரளா ஹைகோர்ட் 2022ல சொல்லிருக்கு. ஸ்டேஷன்ல வாங்கலைன்னா எஸ்.பி. ஆபீஸ்க்கு எழுத்துல, தபால்ல அனுப்புங்க, ரசீத பத்திரமா வைங்க. டிஎஸ்பிதான் விசாரிக்கணும். ஊர்ப் பெரியவங்க "பயக சண்டை, பேசி முடிச்சுக்குவோம்"னு வருவாங்க பாருங்க, எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட்றாதீங்க.

கே.கே. நகர்: எங்க கட்சியக் கேவலமா எழுதுறான். 66ஏ போடலாமா சார்?

ஐ.டி. சட்டத்துல இருந்த அந்த 66ஏ செத்து 2015 மார்ச் 24லயே பால் ஊத்தியாச்சு சார், ஸ்ரேயா சிங்கால் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே ரத்து பண்ணிருச்சு. கட்சியத் திட்டுறது வெறுப்புப் பேச்சு இல்ல. பதிலுக்கு நீங்களும் எழுதுங்க.

தெப்பக்குளம்: புகார் கொடுத்தா நெசமாவே ஏதாச்சும் நடக்குமா?

2023 ஏப்ரல் 28ல சுப்ரீம் கோர்ட், புகார் வரலைன்னாலும் போலீஸே எஃப்ஐஆர் போடணும்னு எல்லா மாநிலத்துக்கும் சொல்லுச்சு. பிஎன்எஸ் 196ல மூணு வருஷம் வரைக்கும், வழிபாட்டு இடத்துல வச்சுப் பேசுனா அஞ்சு வரைக்கும். ஆனா கோர்ட் அந்தக் கேஸ எடுக்க அரசாங்க அனுமதி வேணும், அங்கதான் ஃபைல் படுத்துக்கும். அதுக்காக புகாரே கொடுக்காம இருந்துறாதீங்க, அதே ஆளு மறுபடி போட்டாம்னா பழைய எஃப்ஐஆர் கை கொடுக்கும்.

திருமங்கலம்: எங்க சித்தப்பா ஃபேமிலி குரூப்புல தெனம் மதச் சண்டை வீடியோ ஃபார்வேர்ட் பண்றாரு. "எவ்வளவு கேவலம் பாருங்க"ன்னு நானே அத நாலு பேருக்கு அனுப்பிக் கேள்வி கேட்டேன், சரிதானே?

நல்ல எண்ணம்தான், ஆனா வீடியோ இன்னும் நாலு ஃபோனுக்குப் போச்சுல்ல. குரூப்புல வச்சுக் கேட்டா சித்தப்பா இறங்க மாட்டாரு, தனியா கூப்பிட்டு "இது எந்த ஊரு, எப்ப நடந்துச்சு, யாரு அனுப்புனா"ன்னு மட்டும் கேளுங்க. பாதி வீடியோ வேற மாநிலத்துல எப்பவோ எடுத்ததா இருக்கும். அதுக்கும் அடங்கலைன்னா அட்மின் அத்தைகிட்ட சொல்லி, அட்மின் மட்டும் போடுற மாதிரி செட்டிங்க மாத்திருங்க.