குயஷீ என்றால் வருத்தமா, எரிச்சலா?

ஜப்பானிய மொழியில் ‘குயஷீ’ என்ற சொல்லுக்கு அகராதியில் வருத்தம், எரிச்சல், ஏமாற்றம் என்று மூன்று பொருள் இருக்கிறது, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றையும் விட்டுவிடுங்கள். தமிழில் இதற்குக் கிட்டே வருவது ‘ஆற்றாமை’தான்.

எனக்கு இது விளங்கியது ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் என்3 நிலையின் முடிவு வந்தபோது. 180க்கு 95 எடுத்தால் தேர்ச்சி. நான் எடுத்தது 93. வகுப்பில் சென்செய் (ஆசிரியர்) விசாரித்ததும் ‘கனஷீ தெஸ்’, வருத்தமாக இருக்கிறது என்றேன். அவர் மெதுவாக, ‘குயஷீ தெஸ் நே’ என்று திருத்தினார். வளர்த்த நாய் செத்துப்போனால் கனஷீ. அங்கே நம் கையில் எதுவும் இல்லை. இரண்டு மதிப்பெண்ணில் நழுவிப்போனால் குயஷீ. இன்னும் கொஞ்சம் படித்திருந்தால் கிடைத்திருக்குமே, ச்சே, விட்டுட்டோமே என்று நெஞ்சு பொருமுகிறது பாருங்கள், அதுதான். யாராவது நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தி, பதில் சொல்ல முடியாமல் நின்றாலும் இதே சொல்தான் வரும்.

ஆனால் நம் ஆற்றாமை பெரும்பாலும் புலம்பலில் போய் முடியும். குயஷீ அங்கே நிற்பதில்லை. ஆகஸ்டில் ஜப்பானின் கோஷியென் மைதானத்தில் நடக்கும் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியைப் பாருங்கள். தோற்ற அணிப் பிள்ளைகள் மண்டியிட்டு அழுதுகொண்டே மைதானத்து மண்ணை இரு கையாலும் வழித்துப் பையில் அள்ளுவார்கள். அந்த அழுகைக்கே ‘குயஷினகி’ என்று தனிப் பெயர் உண்டு. குயஷிசாவை (அதாவது அந்த உணர்வை) ‘பநே’ ஆக்கிக்கொள் என்றும் சொல்வார்கள். பநே என்றால் சுருள்வில். அழுத்த அழுத்த எகிறும். இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம், இலக்கணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். குயஷீ என்று நேராகச் சொல்வது நம்மைப் பற்றி மட்டும். தம்பி தோற்றான் என்றால் ‘குயஷிகத்தே இரு’ (அப்படிக் காட்டிக்கொள்கிறான்) அல்லது ‘குயஷிசோ’ (அப்படித் தெரிகிறது) என்பார்கள். அடுத்தவர் மனசுக்குள் புகுந்து பார்த்த மாதிரி பேசக்கூடாது என்பது அந்த மொழியின் வழக்கம்.

எதிரே இருப்பவரிடம் சொல்ல வேண்டுமானால் கடைசியில் ஒரு ‘நே’ சேர்க்க வேண்டும். ‘அப்படித்தானே இருக்கும், இல்லையா’ என்று நம்மோடு சேர்ந்துகொள்கிற சொல் அது. அன்றைக்கு சென்செய் சேர்த்த ‘நே’யும் அதுதான்.