தன்னம்பிக்கை வந்த பிறகுதான் பொறுப்பை ஏற்க வேண்டுமா?

"எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் என்னைப் பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள். எனக்குத் தன்னம்பிக்கை போதாது. அது வளர்ந்த பிறகு ஏற்றுக்கொள்ளலாமா? அன்றாட வாழ்விலிருந்து வேடிக்கையான உதாரணம் ஏதாவது சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில். உதாரணத்திற்கு நான் வசிக்கும் ஜொகன்னஸ்பர்க்கின் மினிபஸ் டாக்சியில் உங்களை ஏற்றிவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் டாக்சி என்றால் பெரும்பாலும் 15 பயணிகள் நெருக்கி உட்காரும் வேன். 1980களின் பிற்பகுதியில் அரசு அனுமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது பெருகிய இந்த வேன்களில்தான், இன்று பொதுப் போக்குவரத்தை நம்பியிருப்பவர்களில் பெரும்பான்மையோர் வேலைக்குப் போகிறார்கள். பயணச்சீட்டு கிடையாது, இறங்குவதற்கு அடிக்க மணி கிடையாது, எங்கள் நகரின் பெரும்பாலான தடங்களில் நடத்துநரும் கிடையாது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரே அந்தப் பயணத்தின் பொருளாளர். அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, சம்மதமும் கேட்பதில்லை. வண்டி புறப்பட்டதும் பின்னாலிருந்து ஒரு கை அவருடைய தோளைத் தட்டும், பணம் வரும், "இரண்டு பேர்" என்று ஒரு குரல் வரும், அவ்வளவுதான்.

கட்டணம் எங்கள் நாட்டு நாணயமான ராண்டில் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையிலிருந்து இருவருக்காக ஒரு 100 ராண்ட் தாள் வருகிறது. 60 திருப்பித் தர வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் கையில் 40 மட்டுமே இருக்கிறது. அதற்குள் நடு வரிசையிலிருந்து மூவருக்கான பணம் ஒரு பிடி நாணயமாக வந்து மடியில் விழுகிறது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போது நாணயம் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் சில்லறையைக் கொடுத்து முடித்து, 300 ராண்டைக் குறைவில்லாமல் ஓட்டுநரிடம் ஒப்படைக்க வேண்டும். இதை அறிந்தவர்கள் அந்த இருக்கையை எவ்வளவு நயமாகத் தவிர்க்கிறார்கள் என்பதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை இங்கே வரலாம். ஒருவர் திடீரென்று தொலைபேசியில் பேசத் தொடங்குவார், இன்னொருவர் அடுத்தவருக்கு அளவு கடந்த மரியாதையுடன் வழிவிடுவார், மூன்றாமவர் காலைத் தாராளமாக நீட்ட இடமுள்ள முன் இருக்கையை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் முழங்காலை மடக்கிக்கொண்டு நிம்மதியாக உட்காருவார்.

எனக்கு மிகவும் பிடித்தது தவிர்க்க முடியாமல் அங்கே மாட்டிக்கொள்பவரின் முகம். ஒரு நாள் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அந்த இருக்கையில் இருந்தாள். முதலில் வந்த தாளை அது தன்னைக் கடித்துவிடும் என்பதுபோல் விரல் நுனியால் வாங்கினாள். சிறிது நேரம் சென்றதும் அதே பெண் திரும்பி உட்கார்ந்து, கோட்டும் டையும் அணிந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, "ஐயா, உங்கள் பக்கம் ஒருவருடைய பணம் இன்னும் வரவில்லை" என்று கணீரென்று சொன்னாள். வண்டி முழுவதும் அந்தப் பெரியவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் சட்டைப் பையைத் துழாவத் தொடங்கினார். இடையில் அவளுக்கு யாரும் ஊக்கவுரை ஆற்றவில்லை. கணக்கு அவள் கையில் இருந்தது, குறைந்தால் கேள்வி அவளைத்தான் வந்து சேரும். குரல் அந்தக் கணக்கிலிருந்து எழுந்தது.

இதனால்தான், கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று சொல்லிப் பழகுங்கள் என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. எது முடியும் என்பதற்கு அங்கே ஒரு பொருளே இல்லையே. "இவனால் முடியுமா என்று ஆராய்ந்து வேலையைக் கொடு" என்று நம் பெரியவர்கள் சொன்னது கொடுப்பவருக்கான அறிவுரை. ஏற்கும் இடத்தில் இருப்பவர் அதையே தனக்கு எதிரான தடையுத்தரவாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

பொறுப்பு இல்லாத தன்னம்பிக்கையையும் எங்கள் சாலைகளில் காணலாம். மின்வெட்டு உச்சத்திலிருந்த 2023ஆம் ஆண்டில் போக்குவரத்து விளக்குகள் அணைந்து கிடப்பது வாடிக்கையாகிவிட்டது. அப்படிப்பட்ட சந்திப்பில் எல்லோரும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது இங்குள்ள விதி. நான்கு பக்கமும் மக்கள் முறை வைத்து ஒவ்வொருவராக நகர்ந்துகொண்டிருக்கும்போது, நடுவில் ஒருவர் ஒலிப்பானை அழுத்தியபடி பாய்ந்து போவார். அவருக்குத் தன்னம்பிக்கையில் குறைவே இல்லை. அதே சந்திப்பின் நடுவில், பிரதிபலிக்கும் மேலங்கி ஒன்றை எங்கிருந்தோ தேடி அணிந்துகொண்டு, வீடற்ற இளைஞர் ஒருவர் கையசைத்து வாகனங்களை ஒழுங்குபடுத்துவார்; விலை உயர்ந்த கார்களும் அவருடைய உள்ளங்கைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். இருவரில் நான் யாரை மதிக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜொகன்னஸ்பர்க்கின் தெற்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கிறேன். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த பிள்ளைகள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் புரிந்தாலும் வாயைத் திறக்கக் கூச்சப்படுவார்கள். டாக்சியில் கண்டதை அங்கே செய்து பார்த்தேன். யாருடைய குரல் மிகவும் மெல்லியதோ அந்தப் பிள்ளையிடம் வருகைப் பதிவேட்டையும் சிற்றுண்டிப் பண டப்பாவையும் ஒப்படைத்து, கணக்கைத் தமிழில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "நீ ரூபாய் குடு" என்று அப்படி டப்பாவை ஏற்ற ஒரு பையன் முதல் வாரம் முனகினான். இங்கே ராண்ட்தான் புழங்குகிறது என்றாலும் நான் திருத்தவில்லை. சில வாரங்களில், பேத்தியை அழைத்துப் போக வந்த ஓர் ஆயாவிடமே அவன் போய், "ஆயா, உங்க பேத்தி போன வாரம் காசு கொடுக்கல" என்றான். ஆயா சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

இது பலிப்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு என்று நினைக்கிறேன். டாக்சியில் தொகை சிறியது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இறங்கியதும் பொறுப்பு முடிந்துவிடுகிறது, தவறினால் அங்கேயே சரிசெய்துவிடலாம். ஆனால் பக்கத்து இருக்கையை யாருக்கும் தரும் அதே வண்டி ஓட்டுநரின் இருக்கையை அப்படித் தருவதில்லை. அதற்குச் சாதாரண உரிமம் மட்டும் போதாது, பயணிகளை ஏற்றிச் செல்வதற்கான தனி அனுமதியும் சட்டப்படி வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பயிற்சிதான் முதலில் வர வேண்டும். சங்கப் பொருளாளர் பதவி அப்படிப்பட்டதன்று.

ஆகவே ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்கும்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் வரவு செலவை நீங்கள் உரக்க வாசிக்க அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். வங்கியில் உங்கள் கையொப்பத்துடன் இன்னொருவரின் கையொப்பமும் இருக்க வேண்டும். முந்தைய பொருளாளரிடமிருந்து ரசீதுப் புத்தகங்களை வாங்கும்போது அவரை உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே எண்ணிப் பாருங்கள். அவர் பழைய நண்பராக இருந்தாலும் எண்ணுங்கள்.