பதிவு எண் இருந்தால் அது அனுமதி ஆகிவிடுமா?

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் வசிக்கிறோம். 66 வயதாகும் என் தந்தை ஐந்து ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். முன்பெல்லாம் ஒரு மாத்திரை ஐந்து மணி நேரம் தாங்கும். இப்போது மூன்று மணி நேரத்திலேயே உடல் இறுகிவிடுகிறது. ஸ்கேன் மையத்தில் அறிமுகமான ஒருவர், வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அரசுப் பதிவு எண்ணுடன் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடப்பதாகவும், மூன்றரை லட்ச ரூபாய் கட்டினால் அதில் இடம் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். முன்பணம் பத்தாயிரம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்டலாமா? உண்மையான ஆராய்ச்சிகள் எங்கே நடக்கின்றன என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியே எனக்குப் போதும். ஆராய்ச்சியில் சேர இடம் 'வாங்க' வேண்டியதில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்தான் நோயாளியிடம் வந்து, தன் நோக்கத்தை விளக்கி, அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். ஆராய்ச்சிக்காகச் செய்யப்படும் ஊசி, பரிசோதனை, அறுவை எதற்கும் பங்கேற்பாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகள் 2017-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டன. அதே நெறிகளின்படி, எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ரத்த நோய் சிகிச்சைகளைத் தவிர வேறு எந்த நோய்க்கும், பல வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்லான ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க முடியாது; முறையான ஆராய்ச்சிக்குள் மட்டுமே கொடுக்கலாம். ஆகவே உங்களிடம் வந்தவர் இரண்டு கதவுகளுக்கும் நடுவே நிற்கிறார். சிகிச்சை என்றால் அதைத் தர அவருக்கு அனுமதி இல்லை, ஆராய்ச்சி என்றால் அவர் பணம் கேட்கவே கூடாது.

பார்க்கின்சன் நோய்க்கான ஸ்டெம் செல் ஆராய்ச்சியே பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் ஏழு பேருக்கு அத்தகைய சோதனை நடந்து, அதன் முடிவுகள் 2025 ஏப்ரலில் வெளியாயின. மூளையின் அடிப்பகுதியில் உள்ள கருப்புத் திட்டு என்ற இடத்தில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதுதான் இந்த நோயின் மையம். கியோட்டோவில் டோபமைன் சுரக்கும் செல்களாக வளரக்கூடிய முன்னோடி செல்களை ஆய்வகத்தில் தயாரித்து, மண்டை ஓட்டில் துளையிட்டு மூளைக்குள் சரியான இடத்தில் வைத்தார்கள். உடல் அவற்றை ஏற்க மறுத்துவிடாமல் இருக்க மருந்து கொடுத்து, இரண்டு ஆண்டுகள் கண்காணித்தார்கள். முதலில் பார்க்கப்பட்டது அது ஆபத்தில்லாததா என்பதைத்தான். நம் பக்கத்தில் தரகர்கள் விற்பது வேறு சரக்கு. இடுப்பு எலும்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்த செல்லை, கையில் ஏற்றும் குளுக்கோஸ் வழியாகவோ முதுகுத்தண்டில் குத்தும் ஊசி வழியாகவோ செலுத்துகிறார்கள். அந்தச் செல் கருப்புத் திட்டுக்குப் போய் டோபமைன் சுரக்கும் நரம்பாக மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் வியாபாரம் நடக்கிறது.

இனி அந்தப் பதிவு எண்ணைப் பற்றி. மருத்துவ ஆராய்ச்சிகளைப் பதிவு செய்வதற்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் தொடங்கிய பொதுப் பதிவேட்டுக்கு சி.டி.ஆர்.ஐ. என்று பெயர். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆராய்ச்சியைப் பதிவு செய்தாக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவு என்பது அனுமதி அல்ல, தரச்சான்றும் அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானதாலேயே நிலம் விற்றவருக்குச் சொந்தமானது என்று ஆகிவிடாது என்பது கடலூர் மாவட்டத்தில் மனை வாங்கிய எவருக்கும் தெரியும். வில்லங்கம் பார்க்கிறோம், பட்டா பார்க்கிறோம், தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறோம். மனைக்குக் காட்டும் அந்த ஜாக்கிரதையில் பாதியையாவது தகப்பனாரின் மூளைக்கும் காட்டுங்கள் என்று நோயாளிகளின் பிள்ளைகளிடம் நான் சொல்லாத வாரம் இல்லை.

சில மாதங்களுக்கு முன் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பளபளப்பான சிறு புத்தகம் ஒன்றை என் மேசையில் வைத்தது. அட்டையில் ஒரு பதிவு எண் பொன்னிற எழுத்தில் பெரிதாக அச்சாகியிருந்தது. அவர்கள் எதிரிலேயே அந்த எண்ணைப் பதிவேட்டில் போட்டுத் தேடினேன். வந்தது முழங்கால் தேய்மானத்துக்கான ஓர் ஆய்வு. நடத்துகிறவர் வேறு, ஊர் வேறு, நோயும் வேறு. தேடி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் குடும்பம் அதற்கு முன்பே நகையை அடகு வைத்திருந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். அந்த மனிதரிடம் பதிவு எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. தந்தால், கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவரை உட்கார வைத்து அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நோயின் பெயர் பார்க்கின்சன் என்று இருக்கிறதா, ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியலில் அவர் சொல்லும் மருத்துவமனை இருக்கிறதா, பங்கேற்பவரின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்துவிட்டதா, புதிதாக ஆள் சேர்க்கிறார்களா, செலவை ஏற்பவர் யார் என்ற ஐந்தையும் பாருங்கள். பதிவேடு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் தாய்மொழியில் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்கும் நாட்டில், எளிய சுருக்கத்தை மட்டுமாவது தமிழில் போட இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றாதது எனக்கு ஆறாத வருத்தம். அந்த இடைவெளியில்தான் தரகர் உட்கார்ந்திருக்கிறார். ஆய்வு நடத்தும் மருத்துவரின் தொலைபேசி எண்ணும் அதே பக்கத்தில் இருக்கும். ஒருமுறை ஒரு நோயாளிக்காக அப்படியோர் எண்ணை நான் நான்கு நாள் அழைத்தும் எடுப்பார் இல்லை. அப்படி நேர்ந்தால் மின்னஞ்சல் அனுப்புங்கள், அல்லது உங்கள் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நல்ல ஆய்வையும் நீங்கள் சந்தேகப்பட்டு விலக்கிவிடுவீர்கள். பதிவேட்டின் அதே பக்கத்தில், இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரின் அனுமதி என்ற தலைப்பில் ஒரு வரி இருக்கும். புதிய மருந்தோ புதிய செல் சிகிச்சையோ என்றால் அந்த அனுமதி கட்டாயம் வேண்டும். அங்கே 'பொருந்தாது' என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே இந்தியாவில் விற்பனையில் இருக்கும் ஒரு மருந்தை, விற்பனை நோக்கம் இல்லாமல், வேறு அளவிலோ வேறு பயனுக்கோ கொடுத்துப் பார்க்கும் கல்விசார் ஆய்வுக்கு, 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி அந்தத் தலைமை அனுமதி தேவையில்லை. நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தால் போதும். மருத்துவக் கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்கள் செய்யும் பல ஆய்வுகளும், மருந்தே கொடுக்காமல் ரத்தம் எடுப்பது, நடையை அளப்பது, கேள்வித்தாள் நிரப்புவது என்று நடக்கும் ஆய்வுகளும் அப்படிப்பட்டவையே. அவற்றின் பக்கத்தில் 'பொருந்தாது' என்று இருப்பது குற்றமல்ல. கொடுக்கப் போவது புதிய பொருளா, பழைய மருந்தா, ஒன்றுமே இல்லையா என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் அந்த ஒரு சொல்லின் பொருள் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். ஸ்டெம் செல் ஒருநாளும் இந்த விலக்குக்குள் வராது.

உண்மையான ஆய்வில் சேர்ப்பதற்கு முன், தமிழில் எழுதிய தகவல் தாளை உங்கள் தந்தைக்குக் கொடுத்து, கேள்வி கேட்க நேரம் தந்து, கையெழுத்தான ஒப்புதல் படிவத்தின் பிரதியையும் கொடுக்க வேண்டும். அதில் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் வழி இருக்கும். ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்று இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்றும் இருக்கும். 'நிச்சயம் குணமாகும்' என்று மட்டும் இருக்காது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்து, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களின் நிலையை மோசமாக்கியது. சர்க்கரை நோய்க்குப் போடும் எக்ஸெனடைட் ஊசியைப் பற்றி உலகமே ஆவலோடு காத்திருந்தது. 96 வாரங்கள் கொடுத்துப் பார்த்தும் பார்க்கின்சன் நோய்க்குப் பயனில்லை என்று 2025-இல் தெரிந்தது. முடிவு முன்கூட்டியே தெரியாததால்தான் ஆய்வு நடக்கிறது. முன்கூட்டியே தெரியும் என்கிறவரிடம் ஆய்வு இல்லை.

எங்கே நடக்கின்றன என்று கேட்டீர்கள். அந்தப் பதிவேட்டிலேயே நோயின் பெயரை இட்டுத் தேடினால் இந்தியா முழுவதும் நடப்பவை வரும். வெளிநாட்டு ஆய்வுகளுக்கு அமெரிக்காவின் கிளினிக்கல் டிரயல்ஸ் டாட் கவ் என்ற தளம் இருக்கிறது; ஆனால் அதுவும் பதிவேடுதான், அதில் இருப்பதாலேயே அமெரிக்க அரசு அங்கீகரித்ததாக ஆகாது. தென்னிந்தியாவில் இந்த நோய்களுக்கான ஆராய்ச்சியில் பழுத்த இடம் பெங்களூரு நிம்ஹான்ஸ். இறந்தவர்களின் மூளையைத் தானமாகப் பெற்று ஆராயும் மூளை வங்கியும் அங்கே இருக்கிறது. உங்களுக்கு மிக அருகில் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அங்கே நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் அப்பாவைக் காட்டி, 'இவருக்குப் பொருந்தும் ஆய்வு எதுவும் நடக்கிறதா' என்று நேரே கேளுங்கள். கூட்டத்தில் நின்று கேட்பது சிரமம்தான்; வரிசை நீளம், மருத்துவர் உங்களோடு பேசும் நேரம் குறைவு. அதற்காகத் தரகரிடம் போய் நிற்காதீர்கள்.

போகும்போது கையில் ஒன்று இருக்கட்டும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், ஏழு நாளுக்கு, மாத்திரை போட்ட நேரம், உடல் இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம், சாப்பிட்ட நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டாரா, யாராவது போட்டுவிட்டார்களா என்றும் எழுதுங்கள். ஆய்வில் சேரும்போதும் இந்தத் தகவல் உதவும். ஆய்வைவிட முக்கியமாக, மாத்திரை மூன்று மணி நேரத்தில் தளர்ந்துவிடும் சிக்கலுக்கே இந்தத் தாளைக் கொண்டு வழி செய்யலாம். வேளைகளை நெருக்கியும், துணை மாத்திரை சேர்த்தும், பருப்பும் முட்டையும் மாத்திரையோடு மோதாமல் நேரம் மாற்றியும் பலருக்குப் பலன் கிடைக்கிறது. உங்கள் தந்தைக்கு இவை இன்னும் செய்து பார்க்கப்படவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

'ஆராய்ச்சிக்குத் தயாராக' பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொன்னால் நிறுத்தவே வேண்டாம். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவு குழம்புதல் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பூனைக்காலி விதைப் பொடியை இயற்கை மருந்து என்று விற்பார்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான். மருத்துவருக்குத் தெரியாமல் சேர்த்தால் அளவு கூடிவிடும்.

கொடுத்த பத்தாயிரத்தைத் திருப்பித் தருமாறு எழுத்தில், விரைவுத் தபாலில் கேளுங்கள். ரசீது இல்லையென்றால், பணம் கொடுத்த நாள், இடம், உடன் இருந்தவர் ஆகியவற்றை இன்றே எழுதி வையுங்கள். கைப்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். தராவிட்டால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். மருத்துவமனை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பதிவேட்டில் நீங்கள் பார்த்த பக்கத்தையும், அந்தத் தரகர் சிறு புத்தகமோ சீட்டோ தந்திருந்தால் அதையும் நகலெடுத்துப் புகாருடன் இணையுங்கள்.