வீட்டு ரீவியை வெளியில் இருந்து பார்ப்பது: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் எங்கள் அலுமாரிக்கு மேல் கிடக்கும் பழைய கணினிதான் வீட்டு ரீவியைப் பதிந்து வைக்கிறது. வேலைக்குப் போனால் போனில் பார்ப்பேன். அதைப் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

லண்டனில் இருந்து மச்சான் கொண்டுவந்த, கணினியில் ரீவி பிடிக்கும் யூஎஸ்பி ரியூனரில் ஒரு சனலும் வரவில்லை. பழுதா? (கொட்டாஞ்சேனை)

பழுதில்லை. அது அங்கத்தைய டிஜிட்டல் ஒளிபரப்புக்குச் செய்தது. நம் கூரை அன்டெனாவுக்கு வருவது ‘பால்’ (PAL) என்ற பழைய அனலாக் முறை. இலங்கையில் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி என்ற டிஜிட்டல் முறையை 2014இல் தெரிவுசெய்தும் மாற்றம் இழுபட்டுக்கொண்டே போனது. மச்சானுக்கு நன்றி சொல்லிவிட்டு, ரீவிப் பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயரில் வரும் படத்தையும் சத்தத்தையும் கணினிக்குள் எடுக்கும் யூஎஸ்பி கப்சர் குச்சி ஒன்றை வாங்குங்கள்.

எச்டிஎம்ஐ கப்சர் போட்டேன். சத்தமும் இல்லை, படமும் இல்லை, வெறும் கறுப்பு. (தெஹிவளை)

அது எச்டிசிபி, எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தைப் பிரதி எடுக்க விடாத பூட்டு. நீங்களும் ஏவி வயருக்கு வாருங்கள். படம் கொஞ்சம் மங்கல்தான், செய்தி பார்க்க அது போதாதா?

நான் வீட்டில் இல்லாத நேரம் தானாகப் பதியுமா?

ஓம். பதிவதற்கான ஓபிஎஸ் மென்பொருள் இலவசம். குறித்த நேரத்தில் மென்பொருளைத் திறக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்து, ஓபிஎஸ்ஸை ‘--ஸ்டார்ட்ரெக்கார்டிங்’ என்ற கட்டளையோடு (ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல்) திறக்கச் சொன்னால் திறந்த கையோடு பதியத் தொடங்கும். நிறுத்த அதிலேயே அவுட்புட் டைமர் இருக்கிறது. ஆனால் சனல் மாற்ற ஆள் வேண்டும். நான் காலையில் சனலைப் போட்டுவிட்டு, ரிமோட்டை ஒளித்து வைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவேன்.

முக்கியமானது: எம்பி4 கோப்பாகப் பதியாதீர்கள், எம்கேவி கோப்பாகப் பதியுங்கள். ஒரு நாள் பதிவு முடிய ஐந்து நிமிடம் இருக்கக் கரன்ட் போனது. இரண்டு மணி நேரக் கோப்பு, திறக்கவே இல்லை. எம்கேவி என்றால் அதுவரை பதிந்தது தப்பியிருக்கும். கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸில், கரன்ட் வந்ததும் அது தானாக எழும்பும்படியும் வைத்துவிடுங்கள்.

மகள் டொரன்டோவில். நல்லூர்த் தேரை அவளுக்குக் காட்டலாமா, தம்பி? (பம்பலப்பிட்டி)

தாராளமாகக் காட்டலாம், அக்கா. ஆவணியில் நம் காலை ஏழு மணி அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. பிள்ளை நித்திரைக்குப் போக முன்னமே தேர் புறப்பட்டுவிடும். என்றாலும் நேரலையை நம்பாமல் பதிந்து அனுப்புவதே என் விருப்பம். நேரலைக்கு உங்கள் வீட்டின் அப்லோட் வேகந்தான் கணக்கு, டவுன்லோட் அல்ல. நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.35 ஜிபி போகும். பதிந்ததென்றால், வீட்டுக் கணினியில் உள்ள படங்களை வேறு கருவிகளில் பார்க்க விடும் ஜெலிஃபின் மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள், ஆறுதலாகப் பார்ப்பாள்.

ஜெலிஃபின் வீட்டுக்குள் ஓடுகிறது, வெளியில் இருந்து திறக்கவில்லை. ரவுட்டரில் அதற்கான வாசலான 8096 போர்ட்டும் திறந்தாயிற்று.

ரவுட்டரின் WAN முகவரியை, அதாவது இணையப் பக்கத்து ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளோடு பங்கு போடுகிறீர்கள். எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. திறந்ததை மூடிவிட்டு, கணினியிலும் போனிலும், இரண்டையும் இணையம் வழியே ஒரு தனி வலையாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் செயலியைப் போடுங்கள். பத்து நிமிட வேலை.