பன்னிரண்டு வயதில் பாய்பேண்ட்: மனிலாவில் வாழும் ஓர் அப்பாவுக்கு

கெசோன் சிட்டியில் ஒரு நிறுவனம் உங்கள் பையனை பாய்பேண்டில், அதாவது பையன்கள் மட்டும் பாடும் குழுவில், சேர்க்கக் கூப்பிடுகிறது. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று ஊரிலிருந்து உங்கள் அப்பா சொல்கிறார். பள்ளிக்கூடம் என்னாகும் என்று உங்கள் மனைவி பயப்படுகிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உங்கள் மனைவிக்கு ஸ்டெஃபானோ மோரியை ஞாபகம் இருக்கும். ஃபிலிப்பினோ-இத்தாலியப் பையன், தொண்ணூறுகளின் குழந்தை நட்சத்திரம். ஜான் ப்ராட்ஸ், கார்லோ அகினோவுடன் சேர்ந்து ஜேசிஎஸ் என்ற பாட்டுக்குழுவில் இருந்தவர். மூவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துதான் அந்தக் குழுவின் பெயர். 1998-இல் நடிகை வில்மா சாண்டோஸின் மகனாக ஒரு படத்தில் நடித்துப் பேர் வாங்கிய கார்லோ, வளர்ந்த பிறகும் கதாநாயகனாக நடிக்கிறார். ஜான் நடிப்போடு நிற்காமல் இயக்கத்துக்குப் போனார். ஸ்டெஃபானோ அவர்கள் அளவுக்குத் திரையில் தொடரவில்லை. அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே குழுவில் பாடிய மூன்று பையன்கள் மூன்று விதமாகப் போனார்கள், அவ்வளவுதான். எவன் எந்தப் பக்கம் போவான் என்று பன்னிரண்டு வயதில் யாராலும் சொல்ல முடியாது. ஜோசியக்காரரும் சொல்வார், ஏஜென்ட்டும் சொல்வார். இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் பையனுக்குக் குரல் உடையும் வயது இது. இன்று பாடும் சுருதியில் அடுத்த வருடம் பாட முடியாமல் போகலாம். அதை ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அவன் ஸ்டார் ஆவானா என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். பதினெட்டு வயதில் அவன் கையில் என்ன இருக்கும் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. இதில் வேலை செய்யும் குழந்தைகளுக்காக 2003-இல் பிலிப்பைன்ஸில் வந்த குடியரசுச் சட்டம் 9231 உங்கள் பக்கம் நிற்கிறது. 15 வயதுக்குக் கீழே நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரவு 8 முதல் காலை 6 வரை வேலையே கூடாது. தொழிலாளர் துறையின் அனுமதி வாங்கிய பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். பள்ளியில் படிக்கிறான் என்ற சான்றையும் அதற்குக் கேட்பார்கள்.

பண விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். சம்பாதிப்பது அவன் பணம். குடும்பத்தின் பொதுச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. வருட வருமானம் 2 லட்சம் பெசோவோ அதற்கு மேலோ இருந்தால் குறைந்தது 30 சதவீதத்தை அவனுக்காகவே பாதுகாத்து வைக்கும் டிரஸ்ட் கணக்கில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். ஸ்டெஃபானோ சின்னப் பையனாக நடித்த நாளில் இந்தச் சட்டம் இல்லை. என்னைக் கேட்டால், வருமானம் அந்த வரம்பைத் தொடாவிட்டாலும் முதல் சம்பளத்திலிருந்தே தனிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். வீட்டுக்கடன் தவணைக்கு ஒருமுறை கைவைத்தால் அப்புறம் நிறுத்துவது கஷ்டம்.

படிப்பை நிறுத்தினால்தான் கலை வளரும் என்று யாராவது சொன்னால் பாடகி லியா சலோங்காவைக் காட்டுங்கள். ஏழு வயதில் மேடை ஏறியவர். 1989-இல் லண்டன் மேடைக்குப் போவதற்கு முன்பு, அட்டினியோ டி மனிலா பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தத்தில் முதலில் ஆண்டுக்கணக்கைப் பாருங்கள். பத்து வருடம் என்றால் வேண்டாம். இரண்டு, மூன்று வருடம் என்றால் பேசலாம். வேறு நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்ற ஷரத்து இருந்தால், அவர்கள் வேலை தராத மாதங்களில் என்ன செய்வது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 2020 ஜூலையில் ஏபிஎஸ்-சிபிஎன் என்ற தொலைக்காட்சி நிறுவனத்துக்கு ஒளிபரப்பு உரிமம் மறுக்கப்பட்டபோது, அத்தனை பெரிய நிறுவனமே ஆயிரக்கணக்கானோரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டி வந்தது. சின்ன நிறுவனத்தின் வாய்வார்த்தையை நம்பி உட்காராதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒருநாள் அவனை ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் கூட்டிப்போங்கள். மைக் முன்னால் நின்றதை மட்டும் சொல்கிறானா, மிக்ஸிங் மேசையில் இருந்தவரிடமும் ஏதாவது கேட்டானா என்று கவனியுங்கள். பார்த்ததை ஒப்பந்த நகலோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். அங்கேயே ஒரு வழக்கறிஞரிடமும் நகலைக் காட்டிவிடுங்கள்.