தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் யானையும் இஸ்பேட் ஏஸும்: அவர் எந்தப் படைப்பிரிவு?

கேள்வி: காலமான என் தாத்தா ராணுவத்தில் இருந்தவர். அவர் பெட்டியில் யானையும் குறுக்கு வாள்களும் உள்ள ஒரு பித்தளை பேட்ஜ், பச்சைத் துணியில் கறுப்பு இஸ்பேட் ஏஸ் போட்ட ஒரு பேட்ச், 'வி' வடிவில் மூன்று பட்டைகள், கிரீடம் பொறித்த பொத்தான்கள் எல்லாம் இருக்கின்றன. அவர் எந்தப் படைப்பிரிவு?

பதில்: நான்கையும் ஒன்றாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறது.

முதலில் பொத்தான்கள். 1950-இல் நாடு குடியரசானதும் ராணுவச் சின்னங்களிலிருந்து பிரிட்டிஷ் கிரீடம் போய், அசோகச் சிங்கம் வந்தது. ஆகவே கிரீடம் இருந்தால் அந்தப் பொருள் அதற்கு முந்தைய காலத்தது. உங்கள் தாத்தா இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஆளாக இருக்கலாம்.

யானை ரெஜிமென்ட்டை, அதாவது வீரர் சேர்ந்த நிரந்தரப் படைப்பிரிவைச் சொல்கிறது. கேடயம், யானை, குறுக்கு வாள்கள் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட். நம் காட்டு யானையோ கோயில் யானையோ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அசாயே யானை. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள அசாயே கிராமத்தருகே ஆர்தர் வெல்லெஸ்லியின் படை மராட்டியரை வென்றது. அதில் போரிட்ட மெட்ராஸ் பட்டாலியன்களுக்கு (பட்டாலியன் என்பது சில நூறு வீரர்கள் கொண்ட படை) கிழக்கிந்தியக் கம்பெனி யானைச் சின்னத்தைப் பரிசாகத் தந்தது. அந்த வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் கோமகன். ரெஜிமென்ட்டின் மையம் இன்று இருக்கும் நீலகிரி வெலிங்டனும் அவர் பெயரைத் தாங்கிய ஊர்தான். கம்பெனி கொடுத்த யானையை சுதந்திர இந்தியாவும் வைத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. கிரீடம் மன்னருக்கு உரியது, யானை சண்டை போட்ட சிப்பாய்க்கு உரியது.

அடுத்து இஸ்பேட் ஏஸ். இது ரெஜிமென்ட் சின்னம் இல்லை, டிவிஷன் சின்னம். டிவிஷன் என்பது பல ரெஜிமென்ட்டுகளின் பட்டாலியன்களைச் சேர்த்து அமைத்த பெரிய போர்ப்படை. பச்சையில் கறுப்பு ஏஸ் என்றால் 25-வது இந்திய டிவிஷன். 1942-இல் தென்னிந்தியாவில் உருவாகி, பர்மாவின் அரக்கான் கரையில் சண்டையிட்டு, 1945 செப்டம்பரில் மலாயாவின் மோரிப் கடற்கரையில் இறங்கியது. பிற்காலத்தில் தரைப்படைத் தலைவரான திம்மையாவும் அந்த டிவிஷனில்தான் ஒரு பட்டாலியனுக்குத் தளபதியாக இருந்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் இப்படி ஒரு படம் உண்டு: 17-வதுக்குக் கறுப்புப் பூனை, 4-வதுக்குச் சிவப்புக் கழுகு, 23-வதுக்குச் சண்டைச் சேவல். எண்ணை எழுதினால் எதிரிக்குப் புரிந்துவிடும். படம் என்றால் நம் ஆட்களுக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும்கூட, சட்டென்று அடையாளம் தெரியும்.

இங்கேதான் கவனம் தேவை. டிவிஷன் பேட்ச் காலாட்படை மட்டும் போட்டதல்ல. அதே டிவிஷனின் லாரி டிரைவர், சிக்னல்காரர், சமையல்காரர் எல்லோரும் போட்டார்கள். ஆள் இடம் மாறினால் பேட்சும் மாறும். அதனால் யானையையும் ஏஸையும் அவர் ஒரே சமயத்தில் அணிந்தார் என்று முடிவு கட்டாதீர்கள். வேறு வேறு காலத்தவையாக இருக்கலாம், நண்பர் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

பட்டைகள் பதவியைச் சொல்கின்றன. மூன்று பட்டைகள் என்றால் ஹவில்தார். இரண்டு நாயக், ஒன்று லான்ஸ் நாயக். பெட்டியில் எங்காவது தோள்பட்டை நட்சத்திரங்கள் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். இரண்டு நட்சத்திரம் லெப்டினன்ட் என்ற அதிகாரிக்கும் உண்டு, அவருக்குக் கீழ்ப் பதவியான சுபேதாருக்கும் உண்டு. சுபேதாருடையதில் நட்சத்திரத்தோடு ஒரு வண்ண ரிப்பன் சேர்ந்திருக்கும்.

சரி, இவ்வளவும் ஊகம்தான். உறுதி வேண்டுமென்றால் பதக்கங்களைத் தேடுங்கள். இந்திய வீரர்களுக்குத் தந்த பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ சர்வீஸ் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகமோ பென்ஷன் தாளோ இருந்தால் இன்னும் நல்லது. எண் கையில் கிடைத்ததும், மெட்ராஸ் ரெஜிமென்ட்தான் என்றால் வெலிங்டனில் உள்ள அதன் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். எண்ணே கிடைக்கவில்லையா? உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

அதுவரை பேட்ஜுக்குப் பிராஸோ பாலிஷ் போடாதீர்கள், துணி பேட்சைத் துவைக்காதீர்கள். இரண்டின் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். பழைய பேட்ஜா, கடையில் விற்கும் நகலா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.