தேய்ந்த ஜீன்ஸ், புதுப் பை – கடிதம்

அன்புள்ள அக்கா,

இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான போட்டேகா வெனெட்டா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பார்க்க அசல் ஜீன்ஸ் போலவே இருக்கும் தோல் பேண்ட்டை அவ்வளவு சிலாகித்துவிட்டு, அதே கட்டுரையில் எர்மெஸ் நிறுவனத்தின் விலையுயர்ந்த பிர்கின் பை வாங்கக் காத்துக்கிடப்பவர்களைக் கிண்டல் செய்திருந்தீர்கள். இரண்டும் பணக்காரர்களின் விளையாட்டுதானே? ஒன்று மட்டும் எப்படிக் கலை, இன்னொன்று மட்டும் எப்படிப் பகட்டு?

கேட்பதற்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இந்த வருஷ போனஸில் நல்ல டிசைனர் ஹேண்ட்பேக் ஒன்று வாங்க ஆசை. இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் போடுவதையே அவரால் தாங்க முடியவில்லை. "காசு குடுத்துக் கந்தலை வாங்குவாங்களா?" என்கிறார். இப்போது தொளதொள ஜீன்ஸுக்கு மாறியதும் அதற்கும் ஒரு பாட்டு. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

இரண்டும் பணக்காரர்களின் விளையாட்டுதான். இரண்டையும் வாங்க எனக்கு வக்கில்லை. பார்த்து ரசிக்கக் காசு கேட்பதில்லை என்பதால் ரசிக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தத் தோல் பேண்ட் வந்த ஷோ 2022 பிப்ரவரியில் மிலானில் நடந்தது. டிசைனர் மத்தியூ பிளாஸி போட்டேகாவின் தலைமை டிசைனராக வந்தபின் செய்த முதல் கலெக்‌ஷன். முதலில் நடந்து வந்த பெண் போட்டிருந்தது கையில்லாத வெள்ளை பனியனும் சாதாரண நீல ஜீன்ஸும். இதற்கா ரேம்ப் என்றுதான் எனக்கும் தோன்றியது. அது டெனிம் இல்லை, நூபக் என்கிற, மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்கிய தோலில் டெனிமின் நூலோட்டமும் வெளுப்பும் தெரியும்படி அச்சிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. விலை உயர்ந்த ஒன்றை எளிமையானதாக வேஷம் போட வைக்கும் அந்தக் குறும்பு எனக்குப் பிடித்தது. 1966-இல் விச்சென்சாவில் தொடங்கிய நாளிலிருந்தே அவர்களின் குணம் அதுதான். பையின் மேல் பெயரைப் பொறிக்காமல், மெல்லிய தோல் பட்டைகளைப் பாய் முடைவதுபோல் முடைந்து அந்தப் பின்னலையே அடையாளமாக்கியவர்கள். கனமான தோலைத் தைக்கும் மெஷின் ஆரம்பத்தில் அவர்களிடம் இல்லாததால், மெல்லிய தோலைப் பின்னி உறுதியாக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு.

அவ்வளவு புகழ்ந்தும் ஒரு குறையைச் சொல்லாமல் விட்டிருந்தேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அந்தத் தோல் ஜீன்ஸில் வெளுப்பு ஏற்கெனவே அச்சாகிவிட்டது. போடுகிறவர் அதில் சேர்க்க ஒன்றுமே இல்லை.

ஜீன்ஸின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலச் சாயம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. பாவு நூலைக் கயிறாகத் திரட்டி இண்டிகோவில் முக்கி எடுத்துக் காற்றாட விடுவார்கள். பிறகு மறுபடி முக்குவார்கள். சாயம் நூலின் மேற்பரப்போடு நின்றுவிடும், நடுவே வெள்ளை அப்படியே இருக்கும். அதனால்தான் தேயத் தேய வெளுக்கிறது. உட்காரும்போது தொடையில் மடிப்பு விழும் இடம், முழங்காலின் பின்பக்கம், எந்தப் பாக்கெட்டில் போனை வைக்கிறோமோ அந்த இடம் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி தேயும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஜீன்ஸ் இரண்டு வருஷத்தில் வேறு வேறு உடைகளாகிவிடும். பட்டுப்புடவைக்குக்கூட இந்தக் குணம் கிடையாது.

உங்கள் கிழிந்த ஜீன்ஸின் முழங்காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குறுக்காக வெள்ளை நூல்கள் மட்டும் தொங்கும். நீல நூல் ஒன்றும் இருக்காது. பாவை அறுத்துவிட்டு ஊடையை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். தானாகத் தேய்ந்து கிழிகிற ஜீன்ஸிலும் பெரும்பாலும் பாவுதான் முதலில் போகும். தொழிற்சாலையில் அதையே லேசர் வைத்தும், கையால் உப்புத்தாள் தேய்த்தும், சின்ன மெஷினால் சுரண்டியும் செய்கிறார்கள். 2009-ஐ ஒட்டி பால்மெய்ன் என்ற பிரெஞ்சு நிறுவனம் இப்படிக் கிழித்த ஜீன்ஸை ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. அதே 2009-இல்தான் துருக்கி அரசு ஜீன்ஸ் மேல் மணலைப் பீய்ச்சி வெளுக்க வைக்கும் முறையைத் தடை செய்தது. அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்த இளைஞர்கள் மணல் தூசியைச் சுவாசித்து, சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரும் சிலிகோசிஸ் நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். நாம் இரண்டு வருஷம் போட்டுத் தேய்க்கப் பொறுமையில்லாமல் போனதற்கு அவர்கள் நுரையீரலைக் கொடுத்தார்கள். உங்கள் அம்மா கந்தல் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் உடன்பாடு உண்டு, காரணம் மட்டும் வேறு.

தொளதொள விஷயத்தில் நான் உங்கள் கட்சி. டிசைனர் ஹெடி ஸ்லிமான் 2000-இலிருந்து 2007 வரை டியோர் நிறுவனத்தின் ஆண்கள் பிரிவான டியோர் ஓமில் இருந்தபோது ஆண்களுக்கு ஈர்க்குச்சி மாதிரி ஒரு உருவத்தைக் கொண்டுவந்தார். அந்த உடைகளுக்குள் நுழையவே புகழ்பெற்ற டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்ட் சுமார் 40 கிலோ குறைத்தார் என்பது ஊரறிந்த கதை. அந்த ஒட்டு ஜீன்ஸ் எல்லோருக்கும் வந்துசேர்ந்தபோது துணியில் ரப்பர் மாதிரி நீளும் எலாஸ்டேன் இழை கலந்துதான் வந்தது. ரப்பர் கலந்த துணி முழங்காலில் தொங்கும், இழு விசை போனபின் எதற்கும் உதவாது. அகல ஜீன்ஸுக்கு அந்த ரப்பர் தேவையில்லை. முழுப் பருத்தியில் கனமான டெனிம் மறுபடி கடைக்கு வந்திருப்பது இந்த டிரெண்டால்தான். பீப்பாய் மாதிரி நடுவில் உப்பிக் கீழே குறுகும் ‘பேரல்’ ஜீன்ஸை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. மெலிந்த, உயரமான மாடலுக்கு அது சிற்பம். என் உயரத்துக்கு அது பீப்பாய்.

இனி பிர்கின். எண்பதுகளின் தொடக்கத்தில் நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்கின் விமானத்தில் எர்மெஸ் தலைவர் ழான்-லூயி டுமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்காரிக்கு ஆகிற மாதிரி ஒரு பை கிடைப்பதில்லை என்று குறைப்பட்டதில் பிறந்த பை அது. அவர் தன் பையை வைத்திருந்த விதத்தைப் பாருங்கள். மேலெல்லாம் தொண்டு நிறுவன ஸ்டிக்கர், ஒரு நகவெட்டி, வாயை மூட முடியாத அளவுக்குச் சாமான். அந்த முதல் பையை 1994-இல் எய்ட்ஸ் நிதிக்காக ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். கீறலும் கறையுமாக இருந்த அதே பை 2025 ஜூலையில் பாரிஸில் மறுபடி ஏலத்துக்கு வந்து 86 லட்சம் யூரோவுக்குப் போனது. இன்று புதிதாக வாங்குபவர்களோ கீறல் விழாமல் துணி உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்கிறார்கள். மறுவிற்பனை விலை குறைந்துவிடுமாம்! நான் கிண்டல் செய்தது பையை அல்ல, இந்தப் பூஜையை. பையில் பொம்மையும் மணியும் தொங்கவிட்டு ‘ஜேன் பிர்கின் லுக்’ செய்கிறார்களே, லபுபு பொம்மை வரைக்கும் வந்து நின்ற அந்த டிரெண்ட், அதுவும் வெளுத்த ஜீன்ஸ் கதைதான். வாழ்ந்து வரவேண்டியதை ரெடிமேடாக வாங்குவது.

உங்கள் இரண்டு லட்சத்துக்கு வருகிறேன். உங்கள் காசு, உங்கள் உழைப்பு. வாங்காதே என்று சொல்ல நான் யார்? ஆனால் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள். 2023-இல் டியோர் போன்ற பிராண்டுகளை வைத்திருக்கும் எல்விஎம்எச் குழுமத்தின் விற்பனை சுமார் 8,600 கோடி யூரோ. அதில் கிட்டத்தட்ட பாதி உடையும் தோல்பொருளும் சேர்ந்த பிரிவிலிருந்து வந்தது. ரேம்பில் பார்க்கிற கவுனைச் சிலநூறு பேர் வாங்கலாம், பையையும் வாசனைத் திரவியத்தையும்தான் நம்மைப் போன்றவர்களிடம் விற்கிறார்கள். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் இத்தாலிய உற்பத்திக் கிளை ஒன்றைக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தபோது ஒரு கணக்கு வெளியே வந்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் பையைத் தைத்துக் கொடுக்கத் துணை ஒப்பந்தக்காரருக்குப் போனது 53 யூரோ. தோல், டிசைன், கடை வாடகை எல்லாம் தனிச்செலவு என்பது உண்மைதான். இருந்தாலும் அன்றைய மதிப்பில் நம் காசில் கையால் தைத்த கூலி ஐயாயிரம் ரூபாய்கூட இல்லை. மெஷினின் பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவிட்டுப் பட்டறையிலேயே படுத்துறங்கி வேலை பார்த்தவர்களின் கூலி அது.

நல்ல பை வேண்டுமென்றால் நம் ஊரிலேயே வழி இருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறியது, இப்போது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. குரோமிய உப்பில் பதனிடும் குரோம் தோல் சீக்கிரம் தயாராகிவிடும், பட்டைத் தோலுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் வெயிலும் கை எண்ணெயும் பட்டுப் பட்டு நிறம் ஆழமாகும். 1978-இல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன் இந்த வகைத் தோலில்தான் பெயர் வாங்கியது. எந்தக் கடையானாலும் பையின் ஓரத்தைப் பாருங்கள். தோல் வெட்டிய விளிம்பைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் நல்லது. தடியாகப் பெயின்ட் பூசி மறைத்திருந்தால் ஒரு மழைக்காலத்தில் உரியும். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் தையலை எண்ணாவிட்டாலும் இழுத்தாவது பாருங்கள். வாரைத் தோளில் மாட்டி, லேப்டாப்பும் தண்ணீர் பாட்டிலும் போட்டு நாலு அடி நடந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம், நாம் இவ்வளவு பை வாங்குவதற்கு ஒரு காரணம் ஜீன்ஸிலேயே இருக்கிறது. 2018-இல் ‘தி புட்டிங்’ என்ற இணைய இதழ் அமெரிக்காவில் விற்கும் 20 பிராண்டுகளின் ஜீன்ஸ் பாக்கெட்டுகளை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. அகல ஜீன்ஸில் துணிக்குப் பஞ்சமில்லை, அதிலும் பாக்கெட்டைச் சிறிதாக வைப்பவர்களை என்ன சொல்ல? என் சமீபத்திய ஜீன்ஸை ஆண்கள் பகுதியில் வாங்கினேன், இடுப்பை மட்டும் தையல்காரரிடம் கொடுத்து இரண்டு இஞ்ச் பிடிக்கச் சொன்னேன். 120 ரூபாய் ஆனது.

அன்புடன்
அக்கா